பாதி மாத்திரை

எங்கள் பக்கத்தில் பெண் கொடுக்கப் போகிறவர்கள் மாப்பிள்ளையிடம் அதிகம் பேசமாட்டார்கள். தறியில் ஓடிக்கொண்டிருக்கும் புடவையைத்தான் பார்ப்பார்கள். குனிந்து, தறிக்கு அடியில் கையை விட்டு, மறுபக்கத்தைத் தடவுவார்கள். கரையும் உடலும் சேருகிற இடம் விரலுக்குத் தட்டுப்படவில்லை என்றால் ஆள் நிதானமானவன், குடிக்கிறவன் இல்லை, முன்கோபி இல்லை என்று அர்த்தம். போளூரில் தறி வைத்திருந்த என் அப்பாவும் அப்படித்தான் தடவிப் பார்த்தார். திரும்புகிற பஸ்ஸில், "கை சுத்தமா கீது. ஆளும் அப்படித்தான் இருப்பான்" என்று அம்மாவிடம் சொன்னாராம். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு ஆவணி மாதம் கல்யாணம் முடிந்து ஆரணிக்கு வந்தேன்.

புடவையின் மறுபக்கத்தில் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. பத்தொன்பது வயதில் என் வீட்டுக்காரர் மூன்று மாதம் யாரிடமும் பேசாமல், சாப்பிடாமல், சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்திருக்கிறார். அதற்கு மாமியார் வீட்டில் 'மூளைக் காய்ச்சல்' என்று பெயர். காய்ச்சல் இறங்கியதும் தானாகவே எழுந்து தறியில் போய் உட்கார்ந்துவிட்டாராம். கல்யாணம் செய்து வைத்தால் மறுபடி வராது என்று ஜோசியர் சொன்னார், சொந்தக்காரர்கள் சொன்னார்கள், மளிகைக் கடைக்காரர்கூடச் சொன்னாராம். ஆக, அவருக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட முதல் மருந்து நான்தான். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்போதும் வருகிறது, கொஞ்சம்.

முதல் இரண்டு வருடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதற்குக் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடா மூன்று ஓட வேண்டும், தறியில் இரண்டு பேர் உட்கார வேண்டும். அவர் நடுவில், நான் இடது ஓரத்தில். அவர் மிதியை மிதித்ததும் நான் கரை நாடாவைத் தள்ளவேண்டும். ஒரு விநாடி பிந்தினாலும் சேரும் இடத்தில் ஓட்டை விழும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஒருவருடைய கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பேச்சு தேவைப்படாது. அவருக்குப் பசிக்கிறது, கால் வலிக்கிறது, என் மேல் கோபம், எல்லாம் அவர் பலகையை இழுத்து அடிக்கிற அடியிலேயே தெரிந்துவிடும். அவர் நல்ல மனிதர். எனக்குப் பிடித்திருந்தது.

மகளுக்கு ஒரு வயது நடக்கும்போது அந்த அடி மாறியது. நடுவில் சட்டென்று நிறுத்துவார். நான் நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பேன். தலையைச் சாய்த்து எதையோ கேட்பார். அப்புறம் ஒன்றும் நடக்காததுபோல அடிப்பார்.

"இன்னாங்க?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எதிர் வீட்டுத் தறி என்னப் பத்திப் பேசிகினு கீது" என்றார்.

எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு தறி. காலையிலிருந்து சாயங்காலம் வரை டக் டக் என்று சத்தம்தான். கிண்டல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, தறி மட்டுமில்லை, தறிக்குப் பின்னால் இரண்டு ஆண்கள் இருக்கிறார்கள், அவர் நாடாவைத் தள்ளும்போதெல்லாம் "தப்பு, தப்பு" என்று சொல்கிறார்கள் என்றார். எதிர் வீட்டில் இருந்தது ஒரு கிழவரும் அவர் மருமகளும். அந்த மருமகள் ஏதோ செய்வினை வைத்துவிட்டாள் என்று மாமியார் முடிவுகட்டினார். பத்து வருடமாகக் குழம்பு கொடுத்து வாங்கிக்கொண்டிருந்த வீடு. அன்றோடு பேச்சு நின்றது.

மாமியார் கெட்டவர் இல்லை. தனக்குத் தெரிந்த வழியில் வைத்தியம் பார்த்தார். ஒரு கோயிலில் இருபத்தொரு நாள் தங்கினோம். தாயத்து கட்டினோம். தலையில் எலுமிச்சம்பழம் தேய்த்தார்கள். ஒரு பூசாரி வேப்பிலைக் கட்டால் முதுகில் அடித்தார். அவர் அடியை வாங்கிக்கொண்டு, "அண்ணே, நீங்க அடிக்கறது எனக்குத்தான் வலிக்குது, அவுங்களுக்கு வலிக்கல" என்று மரியாதையாகச் சொன்னார். எனக்கு அந்த இடத்திலும் சிரிப்பு வந்தது. பூசாரிக்கு வரவில்லை.

கடைசியில் வழி சொன்னது குழந்தைக்குப் போலியோ சொட்டு போட வந்த நர்ஸம்மா. கூடத்து மூலையில் என் வீட்டுக்காரர் தன்னோடு தானே பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்தார். என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "எத்தினி நாளா இப்படி?" என்று கேட்டார். சொன்னேன். "பேயும் இல்ல, பிசாசும் இல்ல. வேலூர்ல ஒரு டாக்டர் கீறாரு, போய்க் காட்டு" என்று சொட்டு மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் விலாசம் எழுதிக் கொடுத்தார். மாமியாருக்கு விருப்பமில்லை. வேலூருக்குப் போனால் 'பைத்தியம்' என்று ஊரே முத்திரை குத்திவிடும், பேய் என்றால் ஓட்டிவிட்டோம் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றார். யோசித்தால் அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. பேய் பிடித்தவனுக்குப் பெண் கொடுக்கிறார்கள். வேலூருக்குப் போய் வந்தவனுக்குக் கொடுக்கமாட்டார்கள். ஆனால் பெண் கொடுத்தாகிவிட்டதே, இனி என்ன என்று நான் கிளம்பினேன்.

வேலூர் டாக்டருக்கு ஐம்பது வயது இருக்கும். வெளியே பெரிய கூட்டம். எங்களுக்குக் கிடைத்தது ஏழெட்டு நிமிடம். என்னையும் மாமனாரையும் எதிரே உட்காரவைத்தார். அவரைச் சுவரோரமாக ஒரு ஸ்டூலில் உட்காரச் சொன்னார். எல்லாக் கேள்வியும் எங்களுக்குத்தான். தூங்கறாரா, சாப்பிடறாரா, யாரையாவது அடிச்சாரா.

"இது மூளையில சுரக்கிற ஒரு பொருள் கூடிப் போறதால வர்ற வியாதிம்மா. யார் வச்சதும் இல்லை. மாத்திரை கொடுத்தா கட்டுப்படும். நிறுத்தக்கூடாது" என்றார்.

அந்த வார்த்தை எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்தது என்று சொல்லிப் புரியவைக்க முடியாது. யார் வைத்ததும் இல்லை. அன்று சாயங்காலமே எதிர் வீட்டு மருமகளுக்கு ஒரு கிண்ணம் கேசரி கொடுத்தனுப்பினேன். மாமியார் மூன்று நாள் என்னுடன் பேசவில்லை.

சின்ன நீல மாத்திரை. காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று. கூடவே ஒரு வெள்ளை மாத்திரை. மூன்றாவது வாரத்தில் அந்த இரண்டு ஆண்களின் குரல் சின்னதாகிவிட்டது என்றார். ஆறாவது வாரத்தில், "இப்ப தறி தறி மாதிரி சத்தம் போடுது" என்றார். தூங்கினார். மகளைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்வந்தார். நான் கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தேன். அதை அவரிடமோ டாக்டரிடமோ சொல்லவில்லை.

பிறகு அவர் தறியில் உட்கார்ந்தார். கை போய்விட்டிருந்தது.

போய்விட்டது என்றால் முழுசாக இல்லை. சோறு சாப்பிடுவார், சட்டை பொத்தான் போடுவார், கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆனால் நாடாவைத் தள்ளும்போது தோள் இறுகிக்கொள்ளும். விரல்நுனி லேசாக நடுங்கும். ஜரிகை அறுந்துகொண்டே இருக்கும். அடி ஒன்று பலமாக விழும், அடுத்தது பூ மாதிரி விழும். ஒரு நாளில் முடிகிற நீளத்துக்கு மூன்று நாள் ஆனது. முடிந்த புடவையை வெளிச்சத்தில் பிடித்தால் உடல் முழுக்கக் கோடு கோடாகத் தெரிந்தது. பட்டு முதலாளியின் ஆள் வந்து பார்த்துவிட்டு மடித்துத் திரும்ப வைத்தார். திட்டவில்லை. "உடம்பு சரியாவட்டும், அதுவரைக்கும் இந்தப் பாவ வேற வீட்டுக்குக் கொடுத்துடட்டுமா?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நெய்வதற்கு வைத்திருக்கும் பாவு நூலை வீட்டிலிருந்து எடுத்துக்கொண்டு போவது என்றால், அந்த வீட்டில் நெசவாளி இல்லை என்று சொல்வதற்குச் சமம். என் வீட்டுக்காரர் தறியை விட்டு எழுந்து உள்ளே போய்விட்டார்.

அடுத்த முறை வேலூர் போனபோது டாக்டரிடம் கையைப் பற்றிச் சொன்னேன். "முதல்ல ஆளைக் காப்பாத்துவோம்மா. கை அப்புறம்" என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் எங்கள் தெருவில் ஆள் வேறு, கை வேறு என்று யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. "முன்னாடி குரல் கேட்டாலும் புடவை நல்லா வந்துது. இப்ப குரலும் இல்ல, புடவையும் இல்ல. எது வியாதி?" என்று மாமியார் கேட்டார். அபத்தமான கேள்வி. அதைக் கேட்டபோது எனக்கு அபத்தமாகத் தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை காலை பாக்குவெட்டியை எடுத்து மாத்திரையை இரண்டாக வெட்டினேன். யாரிடமும் கேட்கவில்லை, யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் சொல்லியிருந்தால் முழுசாகவே நிறுத்து என்றிருப்பார். எனக்குப் பாதிதான் வேண்டியிருந்தது. குரலுக்குப் பாதி, கைக்குப் பாதி என்று கணக்கு. எப்போதும் நான்தான் தண்ணீரோடு மாத்திரையை அவர் வாயில் போடுவேன். அப்படியே போட்டேன். விழுங்கினார். பாக்குவெட்டியில் ஒட்டியிருந்த நீலத் தூளைத் துடைத்துவிட்டேன்.

பத்து நாளில் தோள் இளகியது. பதினைந்து நாளில் அடி சீராக விழுந்தது. ஒரு மாதத்தில் என் அப்பா தடவிப் பார்த்த அதே கை திரும்பி வந்துவிட்டது. நானும் தினமும் தறிக்கு அடியில் கையை விட்டுத் தடவிப் பார்த்தேன். சேரும் இடம் தட்டுப்படவில்லை. ஆகவே ஆள் நன்றாக இருக்கிறார் என்று முடிவு செய்தேன். அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். எவ்வளவு தூங்குகிறார், என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்திருக்க வேண்டும். டாக்டர் கேட்ட கேள்விகள் அவைதானே. நான் நெசவாளி வீட்டுப் பெண், புடவையைப் பார்த்தேன். முதலாளியின் ஆள் வந்து, "கை திரும்பிடுச்சுப்பா" என்று சந்தோஷமாகச் சொல்லி, ஒரு கல்யாணத்துக்கு மூன்று புடவைக்கான பாவைக் கொடுத்துவிட்டுப் போனார். அரக்கு உடல், பச்சைக் கரை. நல்ல ஜரிகை.

இரண்டாவது புடவையில் அவர் வேகம் கூடியது. இடது ஓரத்தில் என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. "ஜல்தி, ஜல்தி" என்பார். விடியும் முன்பே தறியில் இருப்பார். புடவை என்னவோ கண்ணில் ஒற்றிக்கொள்கிற மாதிரி இருந்தது. அவர் கையால் நெய்ததில் அதைவிட நல்ல புடவையை நான் பார்த்ததில்லை. தலையைச் சாய்க்க ஆரம்பித்துவிட்டார் என்பதைப் பார்த்தேன். பார்த்தும், மூன்றாவது புடவை முடியட்டும், அப்புறம் முழு மாத்திரை கொடுக்கலாம் என்று நினைத்தேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்றாவது புடவை பாதியில் இருக்கும்போது ஒரு காலை நேரம் நான் சமையலறையில் இருந்தேன். தறிச் சத்தம் நின்றது. போய்ப் பார்த்தேன். சவர பிளேடை எடுத்துப் பாவைக் குறுக்கே அறுத்துக்கொண்டிருந்தார். ஆயிரக்கணக்கான இழை. அறுந்த பட்டு ஒரே நேரத்தில் சுருண்டு விழுந்தது. நெசவாளி வீட்டில் பிணம் விழுந்தால்கூடப் பாவை அறுக்கமாட்டார்கள். "உள்ள எழுதியிருக்காங்க, நான் படிச்சிட்டேன்" என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, செருப்பில்லாமல் தெருவில் இறங்கி நடந்தார். நான் பின்னாலேயே ஓடினேன். மார்க்கெட்டுப் பக்கம் கூட்டத்தில் தவறவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து சந்தவாசல் பஸ் நிறுத்தத்தில் மாமனார் அவரைக் கண்டுபிடித்தார். உள்ளங்காலில் தோல் இல்லை. தன் அப்பாவைப் பார்த்ததும், "எனக்கு எடம் தெரியல" என்று மட்டும் சொன்னாராம். நேராக வேலூருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தோம்.

டாக்டர் கேஸ் ஷீட்டைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைக் கேட்டார்: "மாத்திரை ஒழுங்கா கொடுத்தீங்களா?"

ஒரு பக்கம் மாமனார், ஒரு பக்கம் மாமியார். கட்டிலில் அவர், காலில் கட்டோடு. எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள்.

"கொடுத்தேன் சார்" என்றேன்.

"ரெண்டு வேளையும்?"

"ரெண்டு வேளையும்."

"அப்போ இந்த மருந்து இவருக்குப் பத்தலை" என்று சொல்லி எழுதினார். என் பேச்சை நம்பித்தான் எழுதினார். வேறு எதை நம்புவார்? ஆறு தடவை தலையில் கரண்ட் வைத்தார்கள். ஊரில் அதைப் பற்றிச் சொல்கிற கதையெல்லாம் கேட்டிருந்தேன். அதில் பாதி பொய். அவர் கத்தவில்லை, சாகவில்லை, அவருக்குக் குரலும் நின்றது. மகள் பிறந்த அன்றைக்கு நடந்தது மட்டும் நினைவிலிருந்து போயிற்று. பிறகு பெரிய அளவில் வேறு மாத்திரை, பதினைந்து நாளுக்கு ஒரு ஊசி. ஊசியை யாரும் பாக்குவெட்டியால் வெட்டமுடியாது.

அதன் பிறகு வந்த வருடங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. அவர் கையை வீசாமல் நடந்தார். வாயோரம் எச்சில் வழிந்தது. முகத்தில் எதுவும் ஓடவில்லை. தறியில் நான் நடுவில் உட்கார்ந்தேன், மாமியார் இடது ஓரத்துக்கு வந்தார். இருவரும் அதுவரை பேசாததையெல்லாம் அந்தத் தறியில் பேசித் தீர்த்தோம். மாத்திரையைத் தவிர. அவர் சுவரோரமாக உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். எங்கள் அடி தப்பினால் தெரியும்போல, லேசாகக் கண் சுருங்கும். பரிதாபப்படுவதற்கென்றே சிலர் வருவார்கள். பரிதாபப்பட்டுவிட்டு, காபி குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அவர்களைக் கண்டாலே ஆகாது.

அப்படி வந்த ஒருவர் தெற்கே ஓர் ஊரில் இந்த மாதிரி ஆட்களை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள், கொண்டுபோய் விட்டுவிடுங்கள் என்று மாமனாருக்கு யோசனை சொன்னார். மாமனார் மட்டும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. "ஆட்டுக்குட்டி மாதிரி கால்ல சங்கிலி போட்டு கட்டி வெச்சிகினு கீறாங்க. எம் புள்ள இங்கயே கெடக்கட்டும்" என்றார். சில வருடம் கழித்து, அதே மாதிரி ஓர் இடத்தில் ஓலைக் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியோடு இருந்தவர்கள் எழுந்து ஓடமுடியாமல் எரிந்துபோனார்கள் என்று பேப்பரில் வந்தது. மாமனார் அந்தப் பேப்பரை மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எல்லா ஊரிலும் சங்கிலியைப் பற்றிக் கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். அதற்கு அத்தனை பேர் எரிய வேண்டியிருந்தது.

தெருவிலும் மாற்றம் வந்தது. எதிர் வீட்டுக் கிழவர் இறந்த பிறகு அங்கே விசைத்தறி போட்டார்கள். எனக்குப் பயம், இவருக்கு மறுபடி ஏதாவது கேட்குமோ என்று. ஒரு நாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். வெகு நேரம் யோசித்து, "அது பேசறதில்ல. சும்மா கத்துது, அவ்ளோதான்" என்றார். பல மாதங்களில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான்.

இரண்டாயிரத்துக்குப் பிறகு சில வருடம் கழித்து, மாதத்துக்கு ஒரு நாள் ஆரணி அரசு ஆஸ்பத்திரிக்கே மனநல டாக்டர் வருகிறார் என்று தெரிந்தது. வேலூர் பஸ் செலவு மிச்சம் என்றுதான் போனேன். வேறு எதிர்பார்ப்பு இல்லை. டாக்டர் ஒரு சின்னப் பெண், என்னைவிட வயது குறைவு. நான் வழக்கம்போல எதிர் நாற்காலியில் உட்காரப் போனேன்.

"நீங்க இந்தப் பக்கம் உட்காருங்கம்மா. அது அவருக்கு" என்றார்.

அவர் போய் உட்கார்ந்தார். நாற்காலியின் நுனியில்.

டாக்டர் அந்த வியாதிக்கு மனச்சிதைவு என்று பெயர் சொன்னார். பத்து வருடத்தில் அவரிடம் அதன் பெயரைச் சொன்ன முதல் ஆள் அவர்தான். இதில் மூளைக்கும் பங்கு இருக்கிறது, பிறவிக்கும் பங்கு இருக்கிறது, வாழ்க்கையில் படுகிற அழுத்தத்துக்கும் பங்கு இருக்கிறது, முழுசாக எங்களுக்கே இன்னும் தெரியாது என்றார். தெரியாது என்று ஒரு டாக்டர் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன். பூசாரியிலிருந்து வேலூர் வரை எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருந்தது.

பிறகு, "உங்களுக்கு என்ன வேணும்?" என்று அவரைக் கேட்டார்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஜவுளிக் கடையில் கேட்கிற கேள்வி. வெளியே ஐம்பது பேர் நிற்கிறார்கள். இவர் வாயைத் திறப்பதற்குள் சாயங்காலம் ஆகிவிடும். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். டாக்டர் கையைக் காட்டி நிறுத்தினார். காத்திருந்தார்.

"கை" என்றார் அவர். கொஞ்சம் பொறுத்து, "கை வேணும். குரல் கொஞ்சம் இருந்தா பரவால்ல. பழகிக்குவேன். கை வேணும்."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். எழுந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். நடக்கச் சொன்னார். விரல்களை நீட்டச் சொல்லி மேலே ஒரு காகிதத்தை வைத்தார், காகிதம் ஆடியது. பிறகு பழைய சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். வேலூர் கேஸ் ஷீட்டின் நகலில் ஓர் இடத்தில் விரல் நின்றது.

"முதல் மாத்திரை நல்லா வேலை செஞ்சிருக்கே. ரெண்டு மாசத்துல குரல் நின்னிருக்கு. அப்புறம் மாத்திரை சாப்பிட்டுகிட்டு இருக்கும்போதே ஏன் மறுபடி வந்தது?"

பத்து வருடமாக என்னிடம் தயாராக இருந்த பதில்தான். ரெண்டு வேளையும் கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் நிமிர்ந்தேன்.

"பாதிதான் சாப்ட்டேன்" என்றார் அவர்.

டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இவங்க வெட்டிக் கொடுத்தாங்க. முழு மாத்திரைக்கு மேல பூச்சு இருக்கும், கசக்காது. வெட்டினது கசக்கும். மொத நாளே தெரியும்." மூச்சு வாங்கிக்கொண்டு, "நானும் சொல்லல. கை வந்துகினு இருந்துச்சு" என்றார்.

டாக்டர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை. "இதை நிறையப் பேர் செய்வாங்க. எங்ககிட்ட சொல்ல முடியாத மாதிரி நாங்க நடந்துக்கிட்டிருக்கோம்" என்றார். அப்புறம் பேனாவை எடுத்து, மருந்து பலிக்கவில்லை என்று எழுதியிருந்த வரியின் ஓரத்தில் ஏதோ குறித்தார். "அப்போ அந்த மருந்து தோத்துப் போகலை. அளவுதான் குறைஞ்சிருக்கு. இவ்வளவு பெரிய டோஸ் இவருக்குத் தேவையே இருந்திருக்காது" என்று பாதி தனக்குத் தானே சொல்லிக்கொண்டார்.

அந்த வாக்கியம் எனக்குப் போதுமானதாக இருந்தது. ஊசியும், எச்சிலும், சுவரோரம் உட்கார்ந்த வருடங்களும், மகள் அப்பா சிரித்துப் பார்க்காமலே ஆறாம் வகுப்புக்கு வந்ததும். எல்லாம் நான் சொன்ன இரண்டு வார்த்தையில் இருந்து வந்தது. மாத்திரையை வெட்டியதைக்கூட நான் மன்னித்துக்கொள்வேன். கொடுத்தேன் சார் என்று சொன்னதை முடியாது.

அதற்குப் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டாக்டர் ஊசியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, புதிதாக வந்த வேறு மாத்திரைக்கு மாற்றினார். எவ்வளவு குறைக்கிறோம், எப்போது குறைக்கிறோம், தூக்கம் குறைந்தாலோ தலை சாய்ந்தாலோ உடனே வரவேண்டும் என்பதையெல்லாம் அவரிடமே சொன்னார், அவர் கையிலேயே சீட்டைக் கொடுத்தார். உடம்பு பன்னிரண்டு கிலோ ஏறியது. வருடத்துக்கு இரண்டு முறை சர்க்கரை பார்க்கச் சொல்கிறார்கள். தோள் இளகியது. கோர்வை நெய்கிற கை திரும்பவில்லை, இனி வராது. ஒரே நிறத்தில், ஓர் ஆள் நெய்கிற புடவை நெய்கிறார். சில நாள் ஒரு குரல் வருகிறது என்கிறார். தொந்தரவு இல்லையாம். "இன்னா சொல்லுது?" என்று கேட்டால், "பழைய ஆளுதான்" என்பார்.

ஆனால் நான் சொல்ல வந்தது அன்றைய தினத்தைப் பற்றி. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்து வந்தோம். அவர் முன்னால், கையை வீசாமல். நான் இரண்டடி பின்னால். மத்தியானம், கடைகளில் பாதி மூடியிருந்தது. மார்க்கெட்டைத் தாண்டினோம். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று இருந்தது. வாயில் வந்தது வேறு.

"வேலூர்ல அந்த டாக்டர் கேட்டப்போ நீங்க கட்டில்ல பக்கத்துலதான கெடந்தீங்க. நான் பொய் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"அப்பவே சொல்லியிருந்தா இத்தினி வருசம் போயிருக்காதே. ஏன் சொல்லல?"

அவர் நின்றார். அந்த இறுகின கழுத்தை வைத்துக்கொண்டு உடம்போடு சேர்த்துத் திரும்பி என்னைப் பார்த்தார். கோபம் எதுவும் இல்லை. நிஜமாகவே யோசித்துத்தான் சொன்னார்.

"அவரு உன்னத்தான கேட்டாரு. என்ன யாரும் கேக்கல."

சொல்லிவிட்டு நடந்தார். அன்றைக்கும் சரி, அதற்கு முந்தைய பத்து வருடத்திலும் சரி, உங்களுக்கு என்ன வேணும் என்று நானும் கேட்கவில்லை.